திமிங்கலத்தின் இடது தாடை

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். இந்த ஆத்திரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது நானேதான்.

ஆறு வருஷத்துக்கு முன் நடந்தது. என் மாமனாருக்குச் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பிரஸ். நான் மதுரையில் இரண்டு வருஷம் விலங்கியல் படித்துவிட்டு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அப்போது என் மகள் செல்விக்கு எட்டு மாதம். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதும், அதில் அவள் விழித்து அழுவதும்தான் என் முழுநேர வேலை. பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்க்க எனக்கு ஆசை. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் கேட்டேன்.

மாமனார் யோசித்துச் சொன்னார்: "சாத்தூர்க்காரர் ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. திமிங்கலப் படம். உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே, கூட நின்னு பாரு. நல்லபடியா முடிஞ்சா பெறவு நெதம் வா. பிள்ளைக்கு அங்கனயே தொட்டில் கட்டிருவோம்."

ப்ரூஃப் பார்க்கும் மேஜையும் பக்கத்தில் தொட்டிலும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

சாத்தூர்க்காரர் விற்பது புஸ்வாணம். தலையிலிருந்து நீர் பீச்சும் திமிங்கலத்தைப் புஸ்வாணப் பெட்டியில் போடுவது நல்ல யோசனைதான். ஆனால் அவருடைய மச்சினன் அதை முன்பே போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் திமிங்கலம்தான் வேணும்" என்றார் அவர். "ஆனா அது அவன் திமிங்கலமா இருக்கப்படாது. இருந்துச்சுன்னா, என் வீட்டுக்காரி எனக்குச் சோறு போட மாட்டா."

ஆர்ட்டிஸ்ட் சங்கரலிங்கம் அண்ணன் முதலில் போட்ட படத்தைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. செதில், கூரான பல், மீசை வேறு! (அண்ணன் தன் மீசையைப் பார்த்தே அதை வரைந்திருந்தார்.)

"திமிங்கலம் மீனே இல்லை. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும்!" என்று என் கணவரிடம் பொரிந்தேன்.

"நம்ம குட்டியும் பாலுக்குத்தான் அழுது. கொடுத்துட்டு வா, பெறவு பேசுவோம்" என்றார்.

பால் கொடுத்துவிட்டு வந்து, படம் பார்க்க வீட்டுக்கு வந்திருந்த சாத்தூர்க்காரருக்குக் கதவுக்குப் பின்னால் நின்றபடி பாடமே நடத்தினேன். மச்சினன் போட்டிருப்பது நீலத் திமிங்கலம். உலகத்திலேயே பெரியது, உடம்பெல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். கூனல் திமிங்கலத்துக்குக் கை போன்ற துடுப்பு நீளம், ஆனால் அது விடும் நீர் குட்டையாகப் புதர் மாதிரி பரவும். சதுரத் தலைத் திமிங்கலத்துக்குப் பல் உண்டு, ஆனால் நீரைக் கோணலாகப் பீச்சும். ("கோணப் புஸ்வாணம் யாரு வாங்குவா?" என்று சாத்தூர்க்காரரே அதைத் தள்ளிவிட்டார்.) மிஞ்சியது துடுப்புத் திமிங்கலம். ஒல்லியான உடம்பு, நல்ல வேகம், நெட்டுக்குத்தாக எழும் நீர். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் படித்தவரை வேறெந்தத் திமிங்கலத்துக்கும் இல்லாத ஓர் அடையாளம்: கீழ்த்தாடை வலது பக்கம் வெள்ளை, இடது பக்கம் கறுப்பு.

"பருமன்ல எத்தனாவது?" என்று கேட்டார் சாத்தூர்க்காரர்.

"இரண்டாவது."

"ரெண்டாவதா? அதுக்கா நான் காசு கொடுக்கேன்?"

"அண்ணாச்சி, அந்த வெள்ளைத் தாடை உங்க மச்சினன் திமிங்கலத்துக்குக் கிடையாது" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

நாலு நாள் கழித்துப் பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே படத்தைக் கல்லில் வரைந்து, மை ஏற்றி, தாளில் அழுத்தி எடுப்பார்கள். கல்லில் திமிங்கலம் அழகாக இடப்பக்கம் பார்த்து நின்றது. தாடை மட்டும் வெள்ளை. எழுத்து இன்னும் ஏறவில்லை. ஏறியிருந்தால், எழுத்தெல்லாம் இடவலம் மாறித் திரும்பி நிற்பதைப் பார்த்து எனக்கும் புத்தி வந்திருக்கும்.

"அண்ணே, இடது பக்கம் தெரியுதே, தாடை கறுப்பாத்தானே இருக்கணும்?"

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"அப்படித்தான்."

"கறுப்பாக்கிரவா?"

"ஆமா."

"நெசமாவா?"

எம்புட்டு அறியாமை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று முறை கேட்டது அறியாமை அல்ல, என்மேல் கொண்ட இரக்கம் என்பது பிறகுதான் புரிந்தது.

செல்விக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் வந்ததால் ப்ரூஃப் எடுத்த அன்று நான் போகவில்லை. என் கணவர் பார்த்தார். எழுத்து சரி, கலர் சரி. தாடை என் இலாகா என்று விட்டுவிட்டார். சீசன் அவசரத்தில் அத்தனை லேபிளும் அடித்து முடிந்தது.

சாத்தூர்க்காரர் வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தார். "இது என் மச்சினன் திமிங்கலம்லா!" என்று கத்தினார்.

கல்லில் இடப்பக்கம் பார்ப்பது தாளில் வலப்பக்கம் பார்க்கும். வெள்ளையாக இருக்கவேண்டிய வலது தாடை கன்னங்கரேல் என்று இருந்தது.

மாமனார் ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டனுப்பினார். "ஏய்யா, தாடையைக் கறுப்பா அடைக்க யாரு சொன்னது?"

அவர் தரையைப் பார்த்தார். "கை தவறிருச்சு முதலாளி."

"அப்ப நாளையிலருந்து வேற கையைப் பாத்துக்கிடுதேன்."

நான் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்காவிட்டால் மேஜை எனக்கு; திறந்தால் இல்லை. ஒரு நிமிஷம் திறக்கவில்லை. அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. பிறகு வெளியே வந்தேன்.

"மாமா, நான்தான் சொன்னேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா துடுப்புத் திமிங்கலத்துக்கு இடது தாடை கறுப்புதான்" என்றும் சேர்த்தேன்.

சங்கரலிங்கம் அண்ணன் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து லேபிளுக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் என் திமிங்கலம் ஒரு குற்றமும் இல்லாமல் நின்றது. ஆனால் கண்ணாடிக்குள் புஸ்வாணம் வாங்குகிறவர்கள் யாருமில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"நீங்க படிச்சவுக. நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

இதற்குத்தான் எனக்கு இன்றும் ஆத்திரம். பிரஸ்ஸில் தாள் எண்ணுகிற ஆள்வரை அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. மரியாதை கொடுத்தே என்னை மூழ்கடித்திருக்கிறார்கள்!

கல்லைச் சுரண்டி மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். அண்ணன் வேலை தப்பியது. மாமனார் என்னைத் திட்டியிருக்கலாம். "பிள்ளைக்குப் பசிக்கும், உள்ள போம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த மேஜையில் இன்று என் கொழுந்தன் உட்கார்ந்திருக்கிறார். அவர் விடும் எழுத்துப் பிழைகளை நான் வீட்டிலிருந்தே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.

அன்றிலிருந்து நான் எதை உறுதியாகச் சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான்: "கல்லுலயா, தாளுலயா?" சாம்பாரில் உப்புப் போட்டாயிற்று என்றால்கூட.

போன மாதம் செல்விக்குக் காதுவலி. விருதுநகரில் டாக்டர், "எந்தக் காது?" என்றார்.

"இடது காது" என்றேன் அழுத்தமாக.

"கல்லுலயா, தாளுலயா?" என்றார் என் கணவர், சிரிக்காமல்.

அவரை முறைத்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த செல்வியைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். மறுபடி செல்வியைப் பார்த்தேன்.

"எதுக்கும் ரெண்டு காதையும் பாத்துருங்க, டாக்டர்" என்றேன்.