ஹம்மாதி சொன்ன "ஆமா"

கஸ்ர் மில்ஹ்,
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின்.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா ஸக்கியா அவர்களுக்கு, தம்பி புபக்கர் சலாம் கூறி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் அத்தானுடைய முழங்காலும் இறைவன் அருளால் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். அதை நம்ப வேண்டாம்.

ஃபோனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் உன்னைக் கூப்பிட்டு "ஷிராஸ் சாப்பிட்டாளா?" என்று கேட்டேன், நீ "ஆமாடா, இங்கயும் மழைதான்" என்றாய். "தூங்கினாளா?" என்று கத்தினேன், "தூனிஸ்லயா? தூனிஸ்ல மழை இல்லியாம்" என்றாய். உன் காதைக் குறை சொல்லவில்லை. ஷிராஸைக் கூப்பிட்டாலோ, எடுக்கிறாள், நான் "மகளே" என்றதும் வைத்துவிடுகிறாள். அந்த ஒரு சொல்லுக்காகவாவது எடுக்கிறாளே என்று நானும் தினமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தான் தொலைக்காட்சியில் விபத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு விமானி குடித்திருந்தான் என்று உங்கள் பிசர்த் ஊர் முழுக்கச் சொல்லி வருகிறாராம். தயவுசெய்து நிறுத்தச் சொல். யாரும் குடிக்கவில்லை, யாரும் தூங்கவில்லை, எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று காலை உப்பளத்துப் பக்கமிருந்து பூநாரைகள் எழும்பி ஓடுபாதைக்கு வந்துவிட்டன. அவற்றை விரட்ட விமான நிலையத்து ஓட்டுநர் ஹம்மாதி தன் வண்டியில் சைரனை அலறவிட்டுக்கொண்டு ஓடுபாதையின் கடைசிவரை போயிருக்கிறார். ஷிராஸ் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கோபுரத்திலிருந்து, கடல் பனியில் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வெளிநாட்டு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. ஷிராஸ் ரேடியோவில் "ஹம்மாதி மாமா, ஓடுபாதைய விட்டு வெளியே வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதே நொடியில் வேறொரு விமானி பொத்தானை அமுக்கி ஏதோ பேச, வண்டிக்குள் கேட்டது "வெளியே வ...ங்களா" மட்டும்தானாம். "வந்துட்டீங்களா" என்று அவள் கேட்டது "வர்றீங்களா" என்று அவர் காதில் விழுந்தது. "ஆமாம்மா" என்றார். வந்துவிட்டார் என்று இவள் விமானத்தை இறங்கச் சொன்னாள். பனிக்குள்ளிருந்து வண்டி தெரிந்ததும் விமானி ஒடித்துத் திருப்பியிருக்கிறான், அப்படியும் சக்கரம் இடித்துவிட்டது. விமானம் உப்பு மண்ணில் புதைந்து நின்றது. பயணிகள் எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்கிவிட்டார்கள். ஹம்மாதியைத்தான் எழுப்ப முடியவில்லை.

அவர்கள் தொழிலில் "ஆமா" என்று சொல்லக் கூடாதாம் அக்கா. கேட்டதை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். எல்லா ஓட்டுநர்களிடமும் ஷிராஸ் அதைக் கறாராக வாங்கிவிடுவாள். ஹம்மாதி மட்டும் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி ரேடியோவிலேயே, "ஏம்மா, நான் என்ன கிளியா? உங்கப்பன் வயசு எனக்கு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவரிடம் மட்டும் கேட்பதை விட்டுவிட்டாள். பெரியவர், சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான். மரியாதை தெரிந்த பெண்ணாக வளர்த்திருக்கிறோம் என்று உன்னிடமே எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன்! இதை விசாரணையில் யாரும் கேட்கவேயில்லை, இவளாகச் சொல்லியிருக்கிறாள். தொழிற்சங்கத்து வக்கீல் தலையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு சொன்னேனே!" என்றாராம். இவள், "அதத்தான் சார் அவரும் பண்ணாரு" என்றாளாம்.

விசாரணைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. "மகளே, நான் முப்பது வருஷம் ரயில் நிலையத்துல மைக்குல கத்தியிருக்கேன், ஒருத்தனுக்கும் ஒரு வார்த்தை புரிஞ்சதில்ல, தெற்க போறவன்லாம் வடக்க போயிருக்கான், ஆனா ஒருத்தன்கூடச் சாகல" என்றேன். நான் சொல்ல வந்தது, தவறாகக் கேட்பது உலகத்தில் தினமும் நடக்கிறது, இதில் உன் குற்றம் என்ன என்பது. அவள் காதில் விழுந்தது "ஒருத்தன்கூடச் சாகல" என்ற கடைசி இரண்டு வார்த்தை. எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தாள். மீதி உனக்குத் தெரியும், உன் வீட்டு வாசலில்தான் வந்து நின்றாள்.

அவள் போன மறுநாள் துக்கம் கேட்கக் கிளம்பினேன். ஹம்மாதியின் தெருவில் நாற்காலி போட்டிருந்தது, உள்ளே குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள், நுழைந்து வாசலில் நின்றவரைக் கட்டிப் பிடித்து "நம்ம ஹம்மாதி போயிட்டாரே" என்று அழுதுவிட்டேன். அந்த மனிதர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "எங்கப்பா பேரு ஸாலிஹ்ங்க. ஹம்மாதி வீடு அந்தக் கோடி. ஆனா நல்லா அழுறீங்க, உக்காருங்க" என்றார். ஒரே தெருவில் இரண்டு சாவு என்று எனக்கு எப்படித் தெரியும்! உட்கார வைத்து கூஸ்கூஸ் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். துக்க வீட்டுச் சாப்பாட்டை மறுத்து எழ முடியுமா? ஸாலிஹின் நற்குணங்களைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை சொன்னேன். வெளியே வந்து பார்த்தால் கோடி வீட்டில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை அக்கா. திரும்பிவிட்டேன்.

அடுத்து அந்த விமானி. யானுஷ் என்று பேர், போலந்துக்காரன், விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று கடற்கரை ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள். என் மகள்மேல் பழி போடாதே என்று கேட்கப் போனேன். என் பிரெஞ்சு ரயில்வே பிரெஞ்சு, அவனுடையது அதைவிட மோசம். நான் பேசி முடித்ததும் தலையாட்டிவிட்டு மேலே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து "போகலாம்" என்றான். என்னை டாக்சிக்காரன் என்று நினைத்திருக்கிறான். அவன் நினைப்பைக் கெடுப்பானேன் என்று நடத்தியே கடலோரம் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தேன். அங்கே வைத்து "ஷிராஸ், என் பொண்ணு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டான். "அந்த வண்டிக்காரர் குரல், ரேடியோல நான் கேட்டது" என்றான். "உங்க பாஷை. எனக்குப் புரியாது. சிரிச்சது. நான் நினைச்சது, யாரோ காலை வணக்கம் சொல்றது." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு அழுதான். பழி போடாதே என்று கேட்கப் போன நான், அவனுக்குக் கைக்குட்டை கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஹம்மாதியின் மனைவி மப்ரூக்கா என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "ஸாலிஹ் வீட்டுல போய் அழுதீங்களாம், எங்க வீட்டுல வந்து அழ மாட்டீங்களா?" உள்ளே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"உங்க பொண்ணு எங்க?"

"பிசர்த்ல. எங்கக்கா வீட்டுல."

"ஓடிட்டாளா?"

நான் மறுபடியும் தண்ணீர் எடுக்க எழுந்தேன். கையமர்த்தினாள்.

"அவர் கடைசியா என்ன சொன்னாருன்னு ஆபீசுல கேட்டேன். விசாரணை முடியட்டும்ங்கறாங்க. பதிவாகியிருக்காம், ஆனா பொண்டாட்டி கேக்கக் கூடாதாம். நீங்க சொல்லுங்க."

சொன்னேன். வந்துட்டீங்களா, வர்றீங்களா, ஆமாம்மா, எல்லாம் சொன்னேன். கத்துவாள், சபிப்பாள் என்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பார்த்தால் தோள் குலுங்குகிறது, சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள். "அடுப்ப அணைச்சீங்களான்னா ஆமா. போய்ப் பாத்தா எரிஞ்சிட்டிருக்கும். மாத்திரை போட்டீங்களான்னா ஆமா. அது சட்டைப் பையிலயே கெடந்து துணியோட துவைஞ்சு வரும். பொய் சொல்ற மனுஷன் இல்ல. அணைக்கப் போறேன்ல, போடப் போறேன்ல, அதுக்குத்தான் ஆமா. செஞ்சதும் செய்யப் போறதும் அவருக்கு ஒண்ணுதான். நான் பக்கத்துலயே இருந்தேன், எழுந்து போய்ப் பாப்பேன். அந்தப் பொண்ணு எங்க போய்ப் பாக்கும்?"

"அப்ப நீங்க அவள மன்னிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் சட்டென்று. "நான் அதுக்கு வரல. அவர் குரலக் கடைசியாக் கேட்டது அவ. அவளப் பாக்கணும். சிரிச்சுக்கிட்டே சொன்னாரான்னு கேக்கணும்."

"சிரிச்சாராம். அந்த விமானி சொன்னான்."

"அவர் சிரிப்பப் பத்தி அந்த வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? அவ சொல்லட்டும்."

ஆகவே அக்கா, உன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், ஷிராஸை வருகிற திங்கட்கிழமை ரயிலில் ஏற்றி அனுப்பிவிடு. வர மாட்டேன் என்பாள், விடாதே. விசாரணை என்ன முடிவு சொன்னாலும் சொல்லட்டும், வேலை போனால் போகட்டும், அந்த அம்மாவின் எதிரில் ஒருமுறை உட்காராமல் இவளுக்குச் சாப்பாடு இறங்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தானையும் துணைக்கு அனுப்பாதே, வழி முழுக்க விமானி குடித்த கதையைச் சொல்வார். நான் நடைமேடையிலேயே வந்து நிற்கிறேன். இப்போது அங்கே இயந்திரம்தான் அறிவிக்கிறது, எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, ரயில் வராது என்பதுகூட.

உனக்கும் அத்தானுக்கும் இறைவன் நீண்ட ஆயுளும், அவருடைய முழங்காலுக்கு நடையும், உன் காதுக்கு ஒலியும் தரட்டும். என் மகளை உன் மகளாக வைத்திருப்பதற்கான நன்றியைக் கடிதத்தில் எழுத எனக்கு வரவில்லை. நேரில் பார்க்கும்போதும் வராது. அண்டை வீட்டார் அனைவருக்கும் சலாம்.

இப்படிக்கு,
உன் தம்பி
புபக்கர்

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். ஷிராஸை அனுப்பாதே. உறையை ஒட்டப் போகும்போது மப்ரூக்கா ஒரு பையோடு மறுபடி வந்துவிட்டாள். "யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பொண்ணு இந்த ஊர் ஸ்டேஷன்ல எறங்குமா? எறங்காது. நாமளே போவோம், கெளம்புங்க" என்கிறாள். நாளைக் காலை ரயிலில் இரண்டு பேரும் வருகிறோம். அப்படியானால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நாங்கள் உன் வீட்டில் இருப்போம், இதை நீ படிக்கவே தேவையில்லை. ஆனாலும் இவ்வளவு எழுதிவிட்டேன், தபால் தலையும் ஒட்டியாயிற்று, ஆகவே போடுகிறேன். "அந்தப் பொண்ணு தூங்குதா?" என்று மப்ரூக்கா கேட்டாள். தெரியவில்லை என்றேன். "நானும் தூங்கறதில்ல. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல படுத்துக்கறோம்" என்றாள். ஷிராஸின் அறையில் இன்னொரு மெத்தை போட்டு வை என்று எழுத வந்தேன் அக்கா. நீ இதைப் படிக்கும்போது அதைப் போட்டிருப்பாய்.