தற்காலிகக் கோப்புறையில் போன கல்யாணம்

கிஷ்பார்ட் நகராட்சி அலுவலகம்
வியாழக்கிழமை காலை

அன்புள்ள கிஸெல்லா அக்காவுக்கு,

உன் கையை முத்தமிட்டு உன் தம்பி வென்செல் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகம்தானே? எமெஷே சுகமா என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. நேற்று போனில் "நான்தான் வென்செல்" என்றதுமே, "என் பொண்ணு கல்யாணத்தை அழிச்ச கையாலயே போன் வேற பண்றியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அப்புறம் நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி மத்தியானப் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் முழுசாகப் படி. சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கல்யாணம் நடக்கும். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், என் மேல் தப்பு இருக்கிறதா என்று நீயே பார்.

எங்கள் அலுவலகத்தில் நாற்பத்து மூன்று கணினிகள். பாதி ஹங்கேரிய மொழியில் பேசும், சில ஆங்கிலத்தில், பதினொன்று ஜெர்மனில். அவை நம் ஊரோடு நட்பு பூண்ட ஜெர்மன் ஊர் தானமாகத் தள்ளிவிட்டவை. கணினி வேலை செய்யும்போது தன் குப்பையைப் போட்டுக்கொள்ள ஒரு கோப்புறை வைத்திருக்கும், தற்காலிகக் கோப்புறை என்று பெயர். அது நிறைந்தால் கணினி எருமை மாதிரி நகரும், உடனே மற்ற நாற்பத்திரண்டு பேரும் "வென்செல்!" என்று கத்துவார்கள். சரி, காலையில் அவரவர் பெயரும் கடவுச்சொல்லும் அடித்து நுழைந்ததும் தானே ஓடிக் குப்பையைக் காலி செய்கிற மாதிரி நாலு வரிக் கட்டளை எழுதினேன். லாகின் ஸ்கிரிப்ட் என்போம். அது ஹங்கேரியக் கணினியில் ஓடியது, ஜெர்மன் கணினியில் "அப்படி ஒரு இடமே இங்கே இல்லை" என்று கையை விரித்துவிட்டது. ஒரே கோப்புறைக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வழி அக்கா! மூன்று மாதம் வழிகளைப் பட்டியல் போட்டே மாய்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தியில் பட்டது: நாம் ஏன் பெயரைச் சொல்லித் தேட வேண்டும்? தன் குப்பைக்கூடை எங்கே என்று அந்தந்தக் கணினிக்கே தெரியுமே, அதையே கேட்டுவிட்டால்? ஈரத் தலையோடு ஓடி எழுதினேன். திங்கள் காலை எட்டு மணிக்கு எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். என்னுடையதையும் சேர்த்து நாற்பத்து மூன்றும், ஒன்று விடாமல், கோப்புறையைக் கண்டுபிடித்துத் துடைத்து வைத்துவிட்டன! முப்பது வருஷ வேலையில் நான் செய்த ஒன்று முதல் தடவையிலேயே வேலை செய்தது அன்றைக்குத்தான். ஒரு போகாச்சா ரொட்டியை எடுத்து வாயில் போட்டேன். அப்போதுதான் திருமணப் பதிவாளர் ஹெர்மினா அம்மாவின் அறையிலிருந்து அந்த அலறல் கேட்டது.

"வென்செல் தம்பி! என் தற்காலிகம் காலியா இருக்கு!"

"காலியாத்தாம்மா இருக்கணும். அது குப்பை."

"குப்பையா? உங்க எமெஷேயோட கல்யாணக் காகிதம் அதுலதான் இருந்துச்சு!"

அக்கா, வாயிலிருந்த ரொட்டியைத் துப்பிவிட்டேன். மணமக்களின் மனு, மாப்பிள்ளை மரெக் ஸ்லோவாக்கியாக்காரன் என்பதால் அவன் நாட்டுச் சான்று, மாவட்டத்து அனுமதி எல்லாவற்றின் நகலும் அதில்தான். அசல் காகிதங்கள் மாவட்டத் தலைமையகத்தில், திரும்பி வர இரண்டு மாதம். மரெக்கோ வருகிற திங்கட்கிழமை சரக்குக் கப்பலில் டான்யூப் நதியில் வேலைக்குப் புறப்பட்டால் அக்டோபரில்தான் வருவான். அக்டோபரில் அந்தக் கல்யாண உடை எமெஷேக்குப் பத்தாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கு இன்னும் தெரியாது.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? தற்காலிகம்னு பேர் போட்ட இடத்துல யாராவது கல்யாணக் காகிதத்தை வைப்பாங்களா?" என்று கத்தினேன்.

"வேற எங்க வைப்பாங்களாம்? 'நிரந்தரம்'னு எழுதின அலமாரியை ஆட்சி மாறுறப்பல்லாம் முற்றத்துல போட்டுக் கொளுத்தினாங்க. என் கண்ணால பாத்தேன். 'தற்காலிகம்'னு எழுதின பெட்டியை நாப்பது வருஷமா ஒருத்தன் தொட்டிருப்பானா? இந்த ஆபீசே தற்காலிகமாத்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்துச்சு, அறுபத்தொண்ணுல!"

திரும்பிப் பார்த்தால் வாசலில் குடிநீர்ப் பிரிவு, வரிப் பிரிவு, இடுகாட்டுப் பிரிவு மொத்தமும் நின்று தலையாட்டுகிறது. எல்லாரும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்! போன வருஷம் அது என்ன கோப்புறை என்று ஹெர்மினா அம்மா கேட்டாள், "தற்காலிகம்" என்று நான்தான் சொன்னேன். ஒரே வாரத்தில் முழு அலுவலகமும் அங்கே குடியேறியிருக்கிறது. இடுகாட்டுப் பிரிவுக்காரர், "அப்போ யாரு எங்க புதைஞ்சிருக்காங்கன்னு இனிமே எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றே கேட்டுவிட்டார்.

சரி, அழிந்ததை மீட்கவும் வழி உண்டு. மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல், அணைக்காத என் கணினியின் முன்னால் உட்கார்ந்து வட்டு வட்டாகத் தோண்டினேன். நேற்றுச் சாயங்காலம் கிடைத்துவிட்டது! மனு, சான்று, அனுமதி, ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல். ஹெர்மினா அம்மா என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அழுதாள், நானும் அழுதேன். காகிதம் இப்போது என் கணினியில் பத்திரமாக இருக்கிறது, காலையில் அச்சடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் எல்லோரையும் கூட்டி வைத்து அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். தற்காலிகத்தில் யாரும் எதையும் வைக்கக்கூடாது என்று அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியாயிற்று. ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தப்பு அதன் மேல் இல்லையே! பொறுப்பில்லாத ஜனங்கள் அக்கா, என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது.

அத்தானுக்கு என் வணக்கம். எமெஷேயும் மரெக்கும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆண்டவனை வேண்டுகிறேன். என் மேல் கோபம் போயிருந்தால் சனிக்கிழமை உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வை.

என்றும் உன் அன்புத் தம்பி,
வென்செல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை அச்சடித்துவிடலாம் என்று கணினியைப் போட்டேன். திங்கட்கிழமைக்குப் பிறகு நேற்றிரவுதான் அதை அணைத்திருந்தேன். பெயரும் கடவுச்சொல்லும் அடித்தேன். ஸ்கிரிப்ட் அருமையாக ஓடியது. மீட்ட காகிதங்களை எங்கே வைக்கட்டும் என்று நேற்று அது கேட்டபோது, ஒரு ராத்திரிக்குத்தானே என்று நான் காட்டிய இடத்தை இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மறுபடி தோண்டலாம், மூன்று நாள் ஆகும். பின்னால் காகிதத்துக்காக நின்றிருந்த ஹெர்மினா அம்மா என் தோளைத் தொட்டு, "நீங்களுமா தம்பி?" என்றாள். அக்கா, கோழிகளை அறுக்க ஆரம்பித்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்.