எதுக்கு பாயும் நார்வே யானைகளும்

மாமல்லபுரத்தில், சரிவில் உருளாமல் நிற்கும் அந்தப் பெரிய உருண்டைப் பாறையையே சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எதுக்கு பாய்தான். உலகமே அதன் அடியில் போய், தாங்குவதுபோல் கையைத் தூக்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். பாய் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். "இத்தினி வருசமா உருளாம கீதுன்னா, யாருக்கோ காத்துகினு கீதுன்னு அர்த்தம்" என்பார்.

நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் எதுக்கு பாய். வணக்கம் சொன்னால் "எதுக்கு?" என்பார். டீ வாங்கிக் கொடுத்தால், நம்மை ஒரு வாய் குடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தன் கிளாஸைத் தொடுவார். கடற்கரைக்குப் போகும் சாலையில் கல் சிற்பமும் சங்குச் சாமான்களும் விற்கும் கடை அவருடையது. உள்ளே மூன்று கண்ணாடிகள் மாட்டியிருந்தார். இரண்டு, வாடிக்கையாளர்களைப் பார்க்க. மூன்றாவது, அந்த இரண்டையும் பார்க்க.

இப்படிப்பட்டவருக்கு இணையத்தில் கடை போட்டுத் தருகிறேன் என்று நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. எனக்குக் கல்பாக்கத்தில் அலுவலக வேலை. மாலையில் செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்துப் போய் ஆறு வாரம் வெப் டிசைன் படித்திருந்தேன். ஆறு வாரம் படித்தவனுக்கு இருக்கும் தைரியம் ஆறு வருடம் படித்தவனுக்கு வராது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்று தடுத்தார்கள். அதனாலேயே பாய்க்குச் சந்தேகம் வந்து, சரி என்றுவிட்டார்.

வினை, இணையக் கடையின் 'அமைப்புகள்' (செட்டிங்ஸ்) என்ற பக்கத்தில் இருந்தது. எந்த ஊருக்கெல்லாம் பொருள் அனுப்புவீர்கள், கூலி எவ்வளவு, பணத்தை எந்த வழியில் வாங்குவீர்கள் என்று கேட்டது. ஊர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விதி போட வேண்டும். மற்றவர்கள் தூரத்தை வைத்துப் பிரிப்பார்கள். பாய் நம்பிக்கையை வைத்துப் பிரித்தார். 'சந்தேகம் 1', 'சந்தேகம் 2' என்று பெயரும் அவரே வைத்தார்.

கிட்டத்தில் இருப்பவர்கள்தான் முதல் குற்றவாளிகள். பார்சல் கைக்கு வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டும் வி.பி.பி. வசதி திருவிடந்தைக்குக் கிடையாது. "அங்க கல்யாணம் ஆவணும்னு வேண்டிக்க வர்றாங்கோ. பார்சல் போறதுக்குள்ள கல்யாணம் ஆயிடும். பொண்டாட்டி வேணாம்னு திருப்பி அனுப்பிருவா." பொத்தேரியிலிருந்து முழுப் பணமும் முன்கூட்டியே வங்கி டிடியாக வர வேண்டும். "ஆஸ்டல் பசங்க கல்லு ஆமைய வெச்சிகினு இன்னா பண்ணுவானுங்க? எதுக்கோ வாங்குறானுங்க." வேடந்தாங்கலைப் பட்டியலிலிருந்தே எடுக்கச் சொன்னார். "அங்க நிக்கிறதெல்லாம் சீசனுக்கு வந்தது. பார்சல் போய்ச் சேர்றதுக்குள்ள பறந்துரும்." பறவைகளைச் சொல்கிறாரா, ஆட்களையா என்று நான் கேட்கவில்லை.

கடை திறந்த நாலாம் நாள் காலை, அலுவலகத்தில் மின்னஞ்சலைத் திறந்தேன். முதல் ஆர்டர். நார்வேயிலிருந்து. பாயின் கடை வாசலில் நிற்கும் கல் யானை ஜோடி. ஒன்றை நகர்த்தவே நாலு ஆள் வேண்டும். பணம் டிடியாக வரும். அனுப்பும் கூலி, பூஜ்யம்.

'மற்ற எல்லா நாடுகளும்' என்ற பகுதியில் சோதனைக்காகப் பூஜ்யம் போட்டவன் நான். மாற்ற மறந்தவனும் நான். போதாததற்கு, குறிப்பு எழுதும் இடத்தில் 'ஏன் இலவசம்?' என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தான் நார்வேக்காரன். வாங்குகிறவனுக்கே சந்தேகம்.

சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். இரண்டு யானை என்றதும், உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். அவர் சொன்ன தொகையைக் கேட்டபின் நான் உயிரோடு இல்லை. வடக்கே எங்காவது மாற்றல் கேட்கலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டேன். "நார்வேலயே கேளுங்க. யானைய நீங்களே எடுத்துட்டுப் போயிடலாம்" என்றாள்.

திரையில் ஆர்டரை அழிக்கும் பொத்தான் இருந்தது. அழுத்தினால் பாய்க்குத் தெரியவே தெரியாது. கை அதுவரை போய்த் திரும்பியது. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்றாவது கண்ணாடி ஞாபகம் வந்தது.

அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். வழியில் ஒரு வெள்ளைக்காரர் ஏறியதும் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். யானையை நேரில் வாங்க வந்துவிட்டானோ என்னவோ.

பாய் யானைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒருமுறைகூட "எதுக்கு?" என்று கேட்காமல் முழுக்கக் கேட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஆர்டர் போட்டது நான்தான்" என்றார். "பிரவுசிங் சென்டர்ல குந்திகினு, ஊர் ஊரா, நாடு நாடா கூலி பாத்துகினே வந்தேன். தப்பு இருந்த எடத்துல மட்டும் ஆர்டர் குடுத்தேன். நீ சரியா பண்ணியிருப்பேன்னு நான் எதுக்கு நம்பணும்?"

வந்த கோபத்தில் அந்த யானையை நான் தனியாளாகவே தூக்கியிருப்பேன். "தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே பாய்?"

"சொன்னா தப்பு சரியாவும். நீ எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியாதே. அழிச்சிட்டு கம்முனு இருப்பேன்னு நெனச்சேன்." குரலில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது. "வந்துட்டியே, நைனா."

டீ சொன்னார். வந்ததும், நான் வாய் வைக்கும் முன்பே தன்னுடையதை மடமடவென்று குடித்துவிட்டார்.

சில மாதம் கழித்து, தபால் கட்டணம் ஏறியதால் கூலியை மாற்ற அமைப்புகளைத் திறந்தேன். 'சந்தேகம் 7'க்குக் கீழே புதிதாக ஒரு பகுதி. அதில் ஒரே ஒரு பின்கோடு, நாங்கள் குடியிருந்த கல்பாக்கம் குவார்ட்டர்ஸுடையது. எனக்கென்று தனியாக ஒரு சந்தேகமா என்று வியர்த்துவிட்டது. திறந்து பார்த்தேன். அனுப்பும் கூலி, பூஜ்யம். பணம், 'நேர்ல பாக்கும்போது'. பகுதியின் பெயர், 'கேக்க வேணாம்'.

அந்தப் பின்கோடில் என்னோடு ஆயிரக்கணக்கான பேர் குடியிருந்தார்கள். என் ஒருவனுக்காக, பாய் அத்தனை பேரையும் நம்பியிருந்தார்.