களிமண் அக்காவும் தர்மினியின் முகக்கவசமும்

கண்டியில் எண்ணெய் வழியாத முகம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அதில் களிமண் அக்காவின் கை எப்போதோ பட்டிருக்கிறது என்று நான் சத்தியமே செய்வேன்.

பேராதனையில் நாங்கள் ஐந்து பெண்கள் தங்கியிருந்த போர்டிங்கில் அக்காதான் மூத்தவர். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. மாதம் ஒருமுறை தன் ஊரான பன்விலவுக்குப் போய், அங்கே தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரை வெள்ளைக் களிமண்ணைப் பால்மா டின்னில் அடைத்துக்கொண்டு வருவார். அதைக் காயப்போட்டு, இடித்து, பழைய வேட்டித் துணியில் மூன்று தரம் சலித்து, தயிரும் பன்னீரும் விட்டுக் குழைப்பார். தேசிக்காய்ப் புளி பிழியலாமா என்று யாராவது கேட்டால், "அது சோத்துக்கு. மூஞ்சி என்ன சம்பலா?" என்பார்.

என் முகத்தில் அப்போது வடையே பொரிக்கலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஆளாக நான்தான் உட்காருவேன். பூசியபின் இருபது நிமிடம் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. ஒருநாள் வராந்தாவில் ஐந்து பேரும் வரிசையாக வெள்ளை முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது கேஸ் கொண்டுவருகிறவர் கேட்டைத் திறந்தார். "யாருங்க வீட்ல?" என்றார். விதிப்படி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்து ஜோடிக் கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின. சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அதற்குப் பிறகு போன் செய்து, "இன்னைக்கு மண்ணு பூசுற நாளா?" என்று கேட்காமல் அவர் வந்ததில்லை.

எங்களில் யாழ்ப்பாணத்துத் தர்மினிக்குத்தான் பருத் தொல்லை அதிகம். கொரோனா முடிந்து ஊரே முகக்கவசத்தைக் கழற்றியபின்னும் அவள் கழற்றவில்லை. பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கையில் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

"நான் வீட்டை போறன் அக்கா. பிள்ளையள் என்ரை முகத்தைத்தான் பாப்பினம், பாடத்தைக் கேக்க மாட்டினம்."

அக்கா அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். இரண்டு மாதம் மண் பூசியதில் எண்ணெய் குறைந்திருந்தது. தாடையில் கட்டிகள் மட்டும் பெருத்துக்கொண்டே போயின. குழைத்து வைத்திருந்த கிண்ணத்தை அக்கா தள்ளி வைத்தார்.

"மண்ணு மேல இருக்க எண்ணெயத்தான் எடுக்கும், புள்ள. இது உள்ளுக்குள்ள இருக்கு. நாளைக்கு டாக்டர்ட்ட போறோம்."

"உங்களுக்கு டொக்டர்மாரைக் கண்ணிலயும் காட்டேலாதே?"

"எனக்குத்தான புடிக்காது. ஒன் மூஞ்சி என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாள் நானும் துணைக்குப் போனேன். முகத்துக்கு என்ன பூசினீர்கள் என்று டாக்டர் தர்மினியிடம்தான் கேட்டார். "நான்தாங்க பூசுனேன்" என்று அக்கா எழுந்து நின்றார், குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல. மண்ணால் கெடுதல் இல்லை, ஆனால் இதற்கு மருந்து வேண்டும், குணமாகச் சில மாதம் ஆகும், அதுவரை மண் வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா தலையாட்டினார். கதவுவரை போனவர் திரும்பி, "டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்கும் மூக்குல எண்ணெ வழியுது" என்றார். அடுத்த முறை மருந்துக்குப் போன தர்மினியிடம் டாக்டர் மெதுவாக ஒரு டின் மண் கேட்டனுப்பினார்.

வகுப்பு தொடங்கிய திங்கட்கிழமை கட்டிகள் அப்படியேதான் இருந்தன. அக்கா லீவு போட்டுவிட்டுத் தர்மினியோடு நடந்தார். நானும் போனேன். வகுப்பறை வாசலில் தர்மினி நின்றாள். உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"போ. பாடம் நீ வாயாலதான எடுக்கப் போற" என்றார் அக்கா.

தர்மினி முகக்கவசத்தைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மட்டும் கேட்டது. முதலில் தயங்கி, பிறகு சீராக.

வகுப்பு முடியும்வரை நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். காலை வெயில் அக்காவின் கன்னத்தில் நேராக விழுந்தது. இரண்டு கன்னத்திலும் பழைய பருத்தழும்புகள், குழிகுழியாக, நிறைய. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவ்வளவு அழகான முகத்தில் அவற்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை.