ஹால் டிக்கெட் வாங்கப் போன தாய்மாமன்

பேசத் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. பேசாமலே இருந்துவிடுகிறவர்கள் முதல் வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. தனக்குப் பதிலாகப் பேச இன்னொரு ஆளை அழைத்துப் போகிறவர்கள் இரண்டாவது வகை. நான் இரண்டாவது.

என் கூச்சம் எப்படிப்பட்டதென்றால், ஷேர் ஆட்டோவில் ‘இங்கே நிறுத்துங்க’ என்று சொல்ல வாய் வராமல், பருத்திப்பட்டில் இறங்க வேண்டியவள் கரையான்சாவடி வரை போயிருக்கிறேன். (திரும்பி வந்த ஆட்டோவிலும் சொல்லவில்லை. ஆவடி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கியபோது இறங்கினேன்.)

இப்படிப்பட்ட என்னைத்தான் திருமழிசைப் பக்கம் இருந்த ஓர் இன்ஜினியரிங் காலேஜிலிருந்து வரச் சொன்னார்கள். அங்கே என் மகள் நித்யா இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலேஜ் நெட்டில் திருட்டுத்தனமாகப் பாட்டு டவுன்லோடு செய்திருக்கிறாள். அந்தப் பாட்டோடு ஏதோ வைரஸும் ஒட்டிக்கொண்டு வந்து, லேபில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ‘ரம்மி ஆட வாங்க’ என்று கூப்பிட்டிருக்கிறது. மற்ற பிள்ளைகள் செய்து வைத்திருந்த வேலையெல்லாம் போயிற்று. பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பரீட்சை. எழுதாவிட்டால் எல்லாப் பாடத்திலும் அரியர். அரியர் வைத்த பிள்ளையைக் கேம்பஸ் இன்டர்வியூ பக்கமே விடமாட்டார்களாம்.

“அம்மா, எங்க டிபார்ட்மென்ட் மேடம்கிட்ட நான் எல்லாம் பேசிட்டேன். நீ வந்து ‘சாரி மேடம்’னு சொல்லு. கையெழுத்து போடு. கெளம்பு. ரெண்டே வார்த்த” என்றாள் நித்யா.

“ரெண்டு வார்த்தையா?” என்றேன்.

“இன்னொன்னு. என்ன ஆனாலும் மாமாவ மட்டும் கூட்டிட்டு வராத.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. (பெற்ற மகளிடம் கேட்கவும் எனக்குக் கூச்சம்தான்.)

என் கணவர் திருநெல்வேலிக்காரர், ஆவடியில் தொழிற்சாலை வேலை. “ரெண்டு வார்த்த சொல்லதுக்கு நான் லீவு போடணுமாக்கும்?” என்று சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

சரி, பழகிப் பார்ப்போம் என்று குக்கரைப் பார்த்து “சாரி மேடம்” என்றேன். நன்றாகவே வந்தது. கொடியில் காய்ந்த நைட்டியிடம் சொன்னேன், இன்னும் நன்றாக வந்தது. எதிர்வீட்டு அக்கா “யாருகிட்ட பேசற?” என்று எட்டிப் பார்த்தார். அதோடு போயிற்று. நேராகப் போய் என் தம்பி பாபுவுக்குப் போன் செய்தேன்.

பாபு பூந்தமல்லியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவன்தான் மைக் செட். “இன்னாக்கா, தாய்மாமன் நான் கீறேன், நீ இன்னாத்துக்கு பயப்புட்ற? நீ சும்மா வந்து குந்து. நான் பேசிக்கிறேன்” என்றான். எனக்கு உயிர் வந்தது. நெற்றி நிறைய சந்தனமும் பூப்போட்ட சட்டையுமாக வந்து, என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

டிபார்ட்மென்ட் வாசலில் நித்யா நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பின்னால் வந்தவனைப் பார்த்ததும் கரன்ட் போன மாதிரி முகம் இருண்டது.

மேடம் நல்லவர். “உக்காருங்கம்மா, பயப்படாதீங்க. நித்யா நல்லா படிக்கிற பொண்ணு. தன்னோட போன்ல கேக்கறதுக்காக நாலு பாட்டு எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா. சொந்தமா கேக்கத்தானேன்னு வார்னிங்கோட விட்டுடறோம். இங்க கையெழுத்து போடுங்க” என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

“நாலு பாட்டா? இன்னா மேடம், கொயந்தய இவ்ளோ கேவலமா நெனச்சிக்கினீங்க? நானூறு இருக்கும் மேடம்!”

நித்யா அவன் காலை மிதித்தாள். “ஏங் கண்ணு கால மெறிக்கிற?” என்று அதையும் சத்தமாகவே கேட்டுவிட்டுத் தொடர்ந்தான். “அது கேக்கறதுக்குன்னு ஒரு பாட்டு எடுத்திருக்குமா? எல்லாம் நம்ம தொழிலுக்கு மேடம்! பாட்டு வந்த அன்னைக்கே கஸ்டமரு கேக்கறான். நான் இன்னா இன்னா பாட்டுன்னு வாட்சப்புல அனுப்புவேன், சாயங்காலம் பென்டிரைவ்ல ஏத்திக்கினு வந்து குடுத்துரும். பூந்தமல்லில வேற எவன் கையிலயும் கெடையாது!”

சொன்னதோடு நிற்காமல் சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

அவனை ஏன் கூட்டி வர வேண்டாம் என்றாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேடம் கார்டின் இரண்டு பக்கத்தையும் படித்தார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப இது வியாபாரமா?”

“ஆமா மேடம்!” என்றான் பெருமையாக.

“காலேஜ் நெட்டுல திருட்டுப் பாட்டு எடுத்து வியாபாரம். நாளைக்கு பாட்டுக் கம்பெனி கேஸ் போட்டா இவ பேருதான் மொதல்ல வரும். இனிமே இது என் கையில இல்ல, பிரின்சிபால்கிட்ட போகணும்.”

நித்யா அழ ஆரம்பித்தாள். என் தம்பி விடவில்லை. “கேஸுக்கெல்லாம் நம்மகிட்ட வக்கீலு கீறாரு மேடம். வுடுங்க, உங்க ஆண்டு விழாவுக்கு நானே ப்ரீயா செட்டு போட்டு...”

“வாய மூட்றா!”

யார் கத்தினார்கள் என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

“பொண்ணோட படிப்பே போவுது, செட்டு போடறானாம் செட்டு! எழுந்திரு. போய் வண்டிகிட்ட நில்லு!”

போனான். அதே வேகத்தில் மேடம் பக்கம் திரும்பி “சாரி மேடம்!” என்றேன். அதுவும் அதட்டலாகவே வந்துவிட்டது. மேடம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் குடித்தார். நான் குரலைக் கஷ்டப்பட்டு இறக்கி, “தப்புதான் மேடம். அவன் பாட்டு கேட்டான், இவ குடுத்தா. எங்கேர்ந்து வருதுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. என்ன தண்டனை வேணா குடுங்க, பரீட்சைய மட்டும் எழுத விடுங்க” என்றேன். என் வாழ்க்கையிலேயே அதுதான் நீளமான பேச்சு.

அவர் எழுந்து பிரின்சிபால் அறைக்குப் போனார். திரும்பி வரும்வரை நானும் நித்யாவும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. வந்தபோது கையில் ஹால் டிக்கெட் இருந்தது. கூடவே நிபந்தனைகள். படிப்பு முடியும்வரை நித்யாவுக்குக் காலேஜ் நெட் கிடையாது. முதல் வருஷப் பிள்ளைகள் வகுப்புக்கெல்லாம் போய், திருட்டுப் பாட்டால் லேபுக்கு என்ன ஆனது, தனக்கு என்ன ஆக இருந்தது என்று அவளே சொல்ல வேண்டும். இனி ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஹால் டிக்கெட்டை அம்மா நேரில் வந்துதான் வாங்க வேண்டும்.

“நீங்க மட்டும்” என்றார் மேடம், வாசலைப் பார்த்தபடி.

நித்யா படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். பாபு இப்போது காசு கட்டித்தான் பாட்டு வாங்குகிறான், கட்டும்போதெல்லாம் எனக்குப் போன் செய்து புலம்புகிறான். ஆனால் மைக் செட்டுக்கு அனுமதி வாங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டு வாசலில் வண்டியோடு வந்து நிற்பான். “நான் எதுனா ஒளறிடுவேன்க்கா. நீ பக்கத்துல குந்து. ஒளற ஆரம்பிச்சா அன்னிக்கு மாதிரி ஒரு அதட்டு வுடு.”

போன மாதம் அப்படித்தான் போனோம். “சார், போன தபா பத்து மணிக்கு மேலயும் போட்டோம், ஒருத்தன்கூட கம்ப்ளைன்ட்...” என்று ஆரம்பித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். பாதியில் விழுங்கினான். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவங்க யாரு?” என்றார்.

“நம்ம சவுண்ட் சர்வீஸ்ல வால்யூம் கன்ட்ரோல் சார்.”

வந்ததும் வராததுமாக அதை வீட்டிலும் சொல்லிவிட்டான். இப்போது டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால்கூட என் கணவர் ரிமோட்டைத் தேடுவதில்லை. அடுப்பில் எது தீய்ந்தாலும் சரி, என்னைத்தான் கூப்பிடுகிறார்.