இறக்கத்தில் மட்டும் பூஜ்யம்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வலியும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. அங்கே புது ஊரில், புது அலுவலகத்தில் நீங்களும் என் மகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் சிவப்பு வண்டியும் பரம சௌக்கியம். அதைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லிவிடலாமே என்றாள் அத்தை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை எடையளவு ஆய்வாளராக இருந்தவன் தீர்ப்பை வாயால் சொன்னால் நன்றாக இருக்காது, எழுத்தில்தான் தரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டு ஹாலில் நடந்த வழக்கு நினைவிருக்கும். இந்த வண்டி பெட்ரோலாகக் குடிக்கிறது, பந்தயத்துக்கு வேண்டுமானால் ஆகும், தினசரி ஓட்டத்துக்கு லாயக்கில்லை, விற்றே தீரவேண்டும் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். படிக்கும் காலத்திலிருந்து ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, இதை விற்றுவிட்டு நான் எந்த முகத்தோடு ரோட்டில் போவேன் என்று நீங்கள் சொன்னீர்கள். கடைசியில் இரண்டு பேருமாக என்னை நடுவராக்கினீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் கடை, வங்கி, ஆஸ்பத்திரி என்று நான் இதை ஓட்டிப் பார்க்க வேண்டியது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தால் வண்டி உங்களுடையது, கொடுக்காவிட்டால் வேறு யாருடையதோ. அன்றைக்கு என் மனசு மகள் பக்கம்தான் சாய்ந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த நிறமும் அந்த உறுமலும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

முதலில் அதில் ஏறுவதே ஒரு பெரிய காரியமாக இருந்தது. ஏறுவது என்று சொல்வது தப்பு, இறங்குவது என்றுதான் சொல்லவேண்டும். சீட் தரையோடு தரையாக இருக்கிறது. அத்தை முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, பிறகு என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்து, அதற்கப்புறம்தான் கதவைச் சாத்துவாள். வண்டியைக் கிளப்பினால் தெரு அதிர்கிறது. எதிர் வீட்டுப் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தவர் சத்தத்தில் வைத்தியரின் விரலோடு சேர்த்து வாயை மூடிவிட்டாராம். வேகத்தடை வந்தால் அடிவயிறு உரசுகிறது என்பதால் அத்தை இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய்க் காத்திருப்பாள், நான் வண்டியைப் பூப்போலத் தாண்ட வைத்து அவளை மறுபடி ஏற்றிக்கொள்வேன். எங்கள் தெருவில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. முழங்கால் எப்படித் தேறியது என்று மருத்துவர் கேட்டதற்கு அத்தை வண்டியைத்தான் கை காட்டினாள்.

இப்போது மைலேஜ். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் ஓர் எண் பெரிதாகத் தெரிகிறது, அதைப் பார்த்தால் போதும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். எண்ணுக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ எழுதியிருக்கிறது. ஓட்டும்போது தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி போட்டிருப்பதால் அதைப் படிக்க முடியவில்லை, படிப்பது அவசியமாகவும் படவில்லை. எண் எண்தானே. முதல் நாள் அகலமான புறவழிச் சாலையில் யார் மனசும் நோகாத வேகத்தில் போய் வந்தேன். எட்டு. நன்றாகக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், எட்டேதான். ஆளில்லாத நல்ல ரோட்டிலேயே எட்டு என்றால் ஊருக்குள் என்ன வரும். மாப்பிள்ளை தோற்றார் என்று நினைத்தபோது எனக்கே பாவமாக இருந்தது, அன்று சாப்பாடுகூட சரியாக இறங்கவில்லை.

மறுநாள்தான் அந்த அதிசயம். கடைத்தெருவில் மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, நகர்வதும் நிற்பதுமாக நத்தை வேகம். இந்த மாதிரி நெரிசலில் எந்த வண்டியும் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் என்று உலகத்துக்கே தெரியும். இதுவோ எட்டிலிருந்து பத்து, பத்திலிருந்து பதினான்கு, சந்தின் முனைக்கு வரும்போது பதினெட்டு! வெக்கையாக இருக்கிறதென்று அத்தை ஏசியைப் போட்டாள், ஐயையோ மைலேஜ் போச்சே என்று நான் பதறினால் பத்தொன்பது. எனக்குப் புல்லரித்துவிட்டது மாப்பிள்ளை. எத்தனையோ தராசுகளையும் படிகளையும் பார்த்தவன், ஏமாற்றுகிற கருவிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி, ஆனால் கஷ்டப்படுத்தக் கஷ்டப்படுத்தச் சிக்கனமாகிற ஒரு இயந்திரத்தை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அதற்கப்புறம் நான் நானாக இல்லை. டிக்கியில் மூன்று அரிசி மூட்டையை ஏற்றினேன், எண் ஏறியது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டேன், அதற்கும் ஏறியது. மெதுவாகப் போவதுதான் சிக்கனம் என்று நம்பியிருந்த நான் ஒரு நாள் துணிந்து ஆக்ஸிலேட்டரை ஒரே மிதி மிதித்தேன் பாருங்கள், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, கண்ணாடி நெற்றிக்குப் போய்விட்டது, முப்பத்தைந்து! வேகமாப் போனா லாபம்னா நாம எதுக்கு மெதுவாப் போகணும், சொல்லுங்க. சிக்னலில் என் பக்கத்தில் நிற்கிற பையன்களுக்கெல்லாம் இப்போது என்னைத் தெரியும். மேட்டில் இன்னும் நன்றாக ஏறுகிறது என்று தெரிந்ததும் மேடு தேடிப் போக ஆரம்பித்தோம். நீர்த்தேக்கத்து மேடு, கலங்கரை விளக்க மேடு, வானிலை நிலைய மேடு என்று இந்த ஊரில் நாங்கள் ஏறாத மேடில்லை. மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டு அத்தை ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றுவாள், ஊர் முழுக்கக் காலுக்குக் கீழே கிடக்கும், நான் எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு குறை. இறக்கத்தில் காலை எடுத்தால் பூஜ்யம். ஏன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. ஏறினால் இறங்கித்தானே ஆகவேண்டும். அந்த நேரத்தில் மட்டும் திரைமேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன், ஆய்வாளன் செய்யக்கூடாத காரியம்தான், ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பாடம் வரவில்லை என்றால் அடிக்கவா முடியும். அப்போதெல்லாம் அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருப்பாள். வண்டியின் அதிர்வு என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். திரை இருபது இருபத்தைந்து என்று காட்டுகிறது, டேங்க்கோ இரண்டு நாளைக்கு ஒருமுறை காலியாகிறது. எனக்குச் சந்தேகம் முதலில் பெட்ரோல் பங்க் மேல்தான் வந்தது. நேரே போய் அளவைக் கலத்தைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் எதிரிலும் ஊற்றி அளந்தேன். சொட்டுக்கூடக் குறையவில்லை. மானேஜர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். அளவு சரி, திரையும் சரி, அப்படியானால் நடுவில் யாரோ திருடுகிறார்கள். எதிர் வீட்டுப் பல் வைத்தியரிடம் ரப்பர் குழாய்கள் இருப்பது எனக்குத் தெரியும். ஜாடையாகத்தான் கேட்டேன். "வாயிலிருந்து எச்சில உறிஞ்சுற குழாய் சார் அது, அதுல போய் பெட்ரோலா"ன்னு அவர் சண்டைக்கு வந்துட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. டேங்க் மூடிக்கு மேலே குறுக்காக ஒரு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன், பெயின்ட்டில் லேசாகக் கீறல் விழுந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு: சராசரி இருபது. பன்னிரண்டு கேட்ட இடத்தில் இருபது. தாங்கள் ஜெயித்தீர்கள். இந்தக் கடிதத்தை என் மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டவும். அப்பா தன் பக்கம் பேசவில்லை என்று அவள் கோபித்துக்கொள்ளலாம், கருவி சொன்னதைத்தான் அப்பா சொன்னார் என்று சொல்லவும். இப்படி ஒரு வண்டியைக் கண்டுபிடித்த உங்கள் கண்ணை நான் குறைவாக நினைத்ததற்கு வருந்துகிறேன். இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். அத்தையின் ஆசியும் இதோடு.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சௌக்கியம் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடவும். உறையில் போடுவதற்கு முன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். பிறகு நான் படிக்கப் போடும் கண்ணாடியைக் கையில் கொடுத்து வண்டிக்குக் கூட்டிப்போனாள். எறும்பு எழுத்தைப் படித்தேன். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அதில் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கிறது. எண் ஏற ஏறக் குடிக்கிறது என்று அர்த்தம். நான் கொண்டாடிய இருபது என்பது லிட்டருக்கு வெறும் ஐந்து. சாப்பாடு இறங்காமல் நான் வருத்தப்பட்ட அந்த எட்டு, லிட்டருக்குப் பன்னிரண்டரை. தாங்கள் முதல் நாளே ஜெயித்திருக்கிறீர்கள். வண்டி பாவம், அதுவாகக் குடிக்கவில்லை, நான்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பல் வைத்தியரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன், வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பல்லைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

உனக்கு இது எப்போது தெரியும் என்று அத்தையைக் கேட்டேன். முதல் நாளே தெரியுமாம். அவள் பக்கத்திலிருந்து அந்த எழுத்து நன்றாகத் தெரிகிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா அன்னைக்கே தீர்ப்பு எழுதிட்டு, வண்டிக்கு உறையைப் போட்டு மூடியிருப்பீங்க. கல்யாணமானதுலேருந்து ஒரு வேலையும் இல்லாம என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? அந்த நம்பர் புண்ணியத்துல தினம் ஒரு மேடு ஏறினேன்" என்றாள். இத்தனை வருஷமாக எல்லோருடைய அளவையும் பார்த்தவன் நான்.

ஆகவே மாப்பிள்ளை, அந்த எட்டு புறவழிச் சாலையில் வந்தது. ஊருக்குள் முறையாக நான் இன்னும் ஓட்டியே பார்க்கவில்லை. சோதனை செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் அவசரப்பட மாட்டேன், நீங்களும் என் மகளும் அவசரப்படக்கூடாது. தீர்ப்பு வரும்வரை வண்டியை விற்பதற்கில்லை. இதற்குமேல் எழுத முடியவில்லை, அத்தை வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடிக்கிறாள். எங்கே போகவேண்டும் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். எங்கேயும் இல்லை, வாங்க என்கிறாள்.