உங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்த கார்

நாலு வருஷமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஊரார் ஏறி இறங்கும் லிப்ட்டுகளைப் பழுது பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி அன்புடனும் மரியாதையுடனும் கொஞ்சம் கோபத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் வாயாடி மகளும் சௌக்கியம். உங்கள் காரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்பதில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. அதற்குக் கீழே வருகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீங்கள் "சரி சரி, அத நான் பாத்துக்கறேன்" என்று பாதியிலேயே கத்தரித்துவிடுகிறீர்கள். காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீங்கள் போன் செய்து, "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு அனுப்பறேன், கப்பல்ல வருது, என்னன்னு மட்டும் கேக்காதே" என்றீர்கள். இந்தக் காலத்தில் ஆள் கப்பலில் வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நம் வாயாடி, "அப்பாவுக்கு ஏரோப்ளேன்ல டிக்கெட் கிடைக்கலையாம்மா?" என்று கேட்டதும் நானும் கொஞ்சம் நம்பித் தொலைத்தேன். கப்பல் வந்து சேரும் சமயத்தில் கடையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, மெத்தையை வெயிலில் போட்டு, அலமாரியில் நாலு வருஷமாக மடிப்புக் கலையாமல் இருக்கும் உங்கள் சட்டைகளையெல்லாம் எடுத்து மறுபடியும் இஸ்திரி போட்டேன். மூன்றாம் நாள் கப்பல் ஏஜென்ட் போனில் வந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் அனுப்பினது இறங்கிடுச்சு. கொஞ்சம் பழசுதான், அங்கங்க சாம்பல் பூத்திருக்கு, மத்தபடி நல்லா ஓடும்" என்றார். அடையாளமெல்லாம் உங்களுக்கும் பொருந்தித்தான் இருந்தது. "நாலு டயரும் புதுசு" என்று அவர் முடித்த பிறகுதான் மெத்தையை உள்ளே எடுத்தேன்.

இந்த ஏஜென்ட்டுக்கு நானும் மகளும் வைத்திருக்கும் பெயர் 'நாளைக்கு'. வண்டி எப்போது வெளியே வரும் என்று எப்போது கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். ஒன்பது நாளைக்குகள் போன பிறகு நானே துறைமுகத்துக்குக் கிளம்பினேன். முதல் ஜன்னலில் போய் நின்றால் மூன்றாவது ஜன்னலுக்குப் போ என்றார்கள், மூன்றாவதில் நகல் எடுத்து வா என்றார்கள், நகலோடு வந்தால் அது சாப்பாட்டு நேரம், சாப்பிட்டு வந்தவர் இது முதல் ஜன்னல் வேலை என்றார். கடைசியில் ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார்கள். உள்ளே நூறு கார் இருக்கும், எல்லாம் ஒரே நிறத் தூசி மூடி, யாருக்காகவோ வரிசையில் நிற்கிற மாதிரி நின்றன. அவற்றில் உங்களுடையதை நான் பார்த்தவுடனே கண்டுபிடித்தேன். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு விரிசலை நீங்கள் பிளாஸ்திரி ஒட்டிச் சரி செய்திருந்த அழகைப் பார்த்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு சுங்க அதிகாரி, ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும் வயசு. வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "பேப்பர்ல கடைசி நம்பர் மூணு. வண்டில எட்டு. இது உங்க வண்டி இல்லம்மா" என்றார். கூட வந்திருந்த 'நாளைக்கு' என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். எனக்கோ அந்த எண்ணை விட அதிகாரியின் மூக்குக் கண்ணாடிதான் கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவள் நான். எதிரில் இருப்பவர் முகத்தில் கண்ணாடி சாய்ந்திருந்தால் எனக்குக் கழுத்து வலிக்கும். இடப்பக்கம் அரை விரற்கடை இறங்கி, வலப்பக்கம் ஏறி, தூரப் பார்வைக்கும் படிக்கிற பார்வைக்கும் நடுவில் இருக்கும் கோடு அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்றிருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் மூன்று எட்டாகவும் தெரியும், எட்டு பூசணிக்காயாகவும் தெரியும்.

"சார், கண்ணாடியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சார், தின்னுட மாட்டேன்."

கைப்பையில் எப்போதும் இருக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து ஆணியை முறுக்கி, காதில் மாட்டும் கம்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, பதமாக வளைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு குனிந்தவர் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "மூணுதான்" என்றார் மெதுவாக. அப்புறம் கொட்டகையைச் சுற்றிலும் பார்த்து, "இங்க இவ்ளோ தூசியா இருக்கு?" என்று சிப்பந்தியைக் கேட்டார். அடுத்த அரைமணி நேரம் அந்த அலுவலகத்தில் கண்ணாடி போட்ட எல்லாரும் வரிசையில் வந்தார்கள். உங்கள் கார் பானெட் மேலேயே கடை விரித்தேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நன்றாகக் கண் தெரிந்துவிட்டதால் அதிகாரி விண்ணப்பத்தை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து, "இது காலியா இருக்கேம்மா. உரிமையாளர் நிரந்தரமாக நாடு திரும்பும் தேதி" என்றார்.

நிரந்தரமாக என்று அவர் சொன்னது எனக்கு ஒருமுறைதான் கேட்டது, ஆனால் காதுக்குள் அது நிற்கவே இல்லை. ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறவர்கள் தங்கள் காரைக் கொண்டுவந்தால் வரியில் பெரிய சலுகை உண்டாம், நீங்கள் அந்தச் சலுகைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களாம். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்தேதான். கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிட்டிருந்தீர்கள். சந்தோஷமாக இருக்கும்போது மட்டும்தான் அப்படி இழுப்பீர்கள், நம் கல்யாணப் பதிவில் அது பக்கத்து ஆள் கட்டம் வரை போனது. அந்தக் கொட்டகையில், நூறு காருக்கு நடுவில், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, 'நாளைக்கு' வேறு, பக்கத்திலேயே நிற்கிறார். அவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "அம்மா, அது சும்மா போடறது. எல்லாரும் போடுவாங்க. வரணும்னு அவசியம் இல்ல" என்றார்.

"வரணும்னு அவசியம் இல்லன்னா, வர்றேன்னு எதுக்குய்யா எழுதறாங்க?"

"வண்டி வரணுமில்ல?"

அப்போது பார்த்து அதிகாரி, வண்டிக்குள் இருக்கும் சொந்தப் பொருள்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார். ஒற்றைக் காலுறை ஒன்று. பல் போன சீப்பு ஒன்று. பிஸ்கட், பாதி. எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தவர், இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, புதிதாகப் பார்வை கிடைத்த உற்சாகத்தில் அதையும் படித்தார். "மருத்துவமனை வாகன நிறுத்தம். மூணு மணி பத்து நிமிஷம்."

பழைய சொந்தக்காரருடையது என்று சொல்லிவிடாதீர்கள். தேதியைப் பார்த்துவிட்டேன். வண்டிப் பேப்பரின்படி, நீங்கள் கார் வாங்கி ஒன்பதாம் நாள். அன்றைக்கு நான் ஐந்து தடவை போன் செய்து நீங்கள் எடுக்கவில்லை. இருபத்தோராம் மாடியில் லிப்ட் மாட்டிக்கொண்டது என்று மறுநாள் சொன்னீர்கள். அந்த லிப்ட்டை எந்த வார்டில் சேர்த்திருந்தீர்கள்? ரத்தம் எடுத்தார்களா, படம் பிடித்தார்களா, பக்கத்தில் உட்கார யார் இருந்தார்கள், கூப்பிடும்வரை எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்? மூன்று மணி பத்து நிமிஷம் நான் இங்கே யாருக்கோ பிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

அதிகாரியிடம் பேனாவை வாங்கினேன். பத்தே நாளில் என்று எழுதப் போனேன். அவர்தான், "வேலைய ஒப்படைச்சு, பெட்டி கட்டி வரணுமேம்மா, நேரம் குடுங்க" என்றார். அதனால் வருகிற மாதம் பதினான்காம் தேதி என்று எழுதினேன். பதினைந்து என்று எழுதியிருந்தால் பார்வைக்கு நன்றாக இருந்திருக்கும், ஒரு நாளைத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

"நிச்சயமா வர்றாரா?" என்று கேட்டார்.

"அவருக்கு இன்னும் தெரியாது சார்."

அவர் சிரிக்கவில்லை. முத்திரையை எடுத்து வாயால் ஊதி அழுத்திக் குத்தினார். "தெரியப்படுத்திடுங்க" என்றார்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஓட்டுநர் பள்ளி வாத்தியார். நம் ஊரில் வலப்பக்கம் இருக்க வேண்டிய ஸ்டீயரிங் இதில் இடப்பக்கம் இருப்பதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மனுஷர் கியர் போடுவதாக நினைத்து மூன்று முறை கதவைத் திறந்தார். வலப்பக்கம் நம் வாயாடி உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டு வந்தாள். எதிரில் வந்தவர்களுக்கு, ஒன்பது வயசுப் பெண் புத்தகம் படித்துக்கொண்டே கார் ஓட்டுவதாகத் தெரிந்ததில் இரண்டு ஸ்கூட்டர் ஓரங்கட்டின. நாற்சந்தியில் போலீஸ்காரர் விசில் ஊதி ஓடிவந்து, "ஏய், வண்டிய நிறுத்து!" என்று அவளிடம் அலறினார். அவள் படித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு, "நான் எப்படி சார் நிறுத்தறது? அவர்கிட்ட சொல்லுங்க" என்று வாத்தியாரைக் காட்டினாள்.

வாசலுக்கு வந்ததும் வாத்தியார் எனக்குப் பழக்குவதற்காக ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "உங்க காலு எட்ட வேணாமாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார். அது உங்கள் கால் நீளத்துக்குத் தள்ளியிருந்தது, அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம், கடையில் கண்ணாடியின் நடுப்புள்ளியைக் குறிக்கும் மையால், இருக்கை நகரும் தண்டவாளத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன். இப்போது வேண்டும்போது முன்னே இழுத்துக்கொள்கிறேன், இறங்கும்போது உங்கள் கோட்டுக்கே தள்ளிவிடுகிறேன். ரேடியோவில் நீங்கள் வைத்திருந்த ஆறு நிலையங்களும் இங்கே வெறும் இரைச்சல்தான். வேலை விட்டு வந்ததும் பத்து நிமிஷம் கதவை மூடிக்கொண்டு முதல் பொத்தானை அழுத்தி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது இந்தப் பொத்தானைத்தானே முதலில் அழுத்தியிருப்பீர்கள்.

இத்தனையும் எழுதிவிட்டேனே என்று பதற வேண்டாம். நேற்றுத் துறைமுகத்துக்குப் போய், சலுகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியை அடித்துவிட்டு வந்துவிட்டேன். காரை வாங்கிக்கொள்ள ஒரு பல் டாக்டர் கேட்டிருக்கிறார், கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நாலு வருஷம் இருந்தவர்கள் இன்னும் ஒரு வருஷம் இருக்க மாட்டோமா? உங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, சௌகரியப்படும்போது நிதானமாக வாருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் ஒளிக்காமல் எழுதுங்கள். மகளின் முத்தங்கள், எண்ணிக்கையை அவளே போனில் சொல்வாளாம். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாயாடி இதை வாங்கிப் படித்துவிட்டாள். கடைசிப் பத்தியில் விரலை வைத்து, "இத அப்பா நம்பிடுவாரும்மா" என்றாள். அதுதான் எனக்கும் பயம். ஆகவே அந்தப் பத்தியில் உங்கள் டாக்டரைப் பற்றிக் கேட்டதையும் முத்தங்களையும் நூறு வருஷத்தையும் தவிர மற்றதெல்லாம் பொய். நான் துறைமுகத்துக்குப் போகவே இல்லை. பல் டாக்டர் என்று ஒருவர் கிடையாது. தேதி அப்படியே இருக்கிறது, முத்திரையோடு. முந்தாநாள் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பதினான்காம் தேதி விமான நிலையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். இந்தக் காரில் இடப்பக்கம் இருந்து பார்த்தால் முன்னால் போகும் லாரிக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாது, வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். வரும்போது மகள் சொல்வாள். திரும்பும்போது அவள் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாளாம்.